இருபதாம் பக்கம்

தெஹிவளை
பெப்ரவரி 9

இல்லை அக்கா, இந்தப் படங்களில் இருப்பவள் உங்கள் மகள் இல்லை. மஞ்சள் சட்டை போட்டிருப்பதால் அப்படித் தோன்றியிருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் மஞ்சள் சட்டை ஒன்று இருக்கிறது.

நான் சுகம். பாப்பாவின் மூச்சிழுப்பு குறைந்ததா? அத்தானின் முழங்கால் எப்படி?

அன்று இறப்பர் ஸ்டோர் வாசலில் நின்று ஃபோனில் பேசினீர்கள். பின்னால் ஊரே பேசும் சத்தம். நான் சொன்னது பாதிகூடக் கேட்டிருக்காது. தோட்டத்து லயத்துப் பக்கம் சிக்னல் வரும்வரை இப்படியே எழுதிக்கொள்வோம்.

விஷயம் இதுதான். பதிப்பகம் ஒரு படப்புத்தகம் கேட்கிறது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு. ஒரு பிள்ளை இருந்த வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போகிறாள். பயப்படாமல் போகிறாள். இருபத்து நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. எழுதுவதும் வரைவதும் நானே.

முதல் பக்கங்களின் பிரதி இதில் இருக்கிறது. ஞாபகத்தில் இருந்த நம் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, வரைந்திருக்கிறேன். முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, அடுப்படி, பின்சுவர், அதற்குப் பின்னால் மலை. பாப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கே கொட்டாவி விடுகிறாள், எங்கே திரும்பக் கேட்கிறாள் என்று எழுதுங்கள். கையில் பென்சிலும் கொடுங்கள். கிறுக்கினால் கிறுக்கட்டும்.

மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனுஷிகா

*

தெஹியோவிட்ட
பெப்ரவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

உன் பார்சல் தோட்ட ஒப்பீசில் பிரித்துத்தான் கைக்கு வந்தது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கிளாக்கர் உன் படத்தை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். “என்ன கிருஷ்ணகுமாரி, ஒந்தங்கச்சி நம்ம லயத்தப் பொஸ்தகத்துல போடப் போறாளாமே. தொரைகிட்டக் கேட்டாளா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாப்பா எங்கும் கொட்டாவி விடவில்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாள். பின்சுவர் சரியில்லையாம். “சித்தி அந்தக் கோட்டப் போடாம விட்டுட்டாங்க” என்று பென்சிலால் போட்டிருக்கிறாள். கூரையிலிருந்து அடுப்படி வரை. அழிக்கக் கூடாது என்கிறாள். நானும் அழிக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன், நன்றாகப் பார்.

அந்தப் பிள்ளை எத்தனையாம் பக்கத்தில் வெளியே போகும்?

இதை ஒப்பீசில் கொடுத்துத்தான் தபாலில் போடுகிறேன்.

உன் அக்கா
கிருஷ்ணகுமாரி

*

தெஹிவளை
மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் வைக்கிறேன். எல்லாரும் சுகமென்று அறிந்து ஆறுதல்.

அந்தக் கோட்டைப் பார்த்தபடி ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். மேலே மயிரிழை. கீழே வரவரத் தடிப்பு. நடுவில் ஓரிடத்தில் தயங்கித் திரும்புகிறது. வரையப் படித்தவர்களுக்கு அப்படி ஒரு கோடு வராது. என் படங்களில் இல்லாதது எதுவென்று எனக்கு விளங்கிவிட்டது.

எல்லாப் பக்கங்களுக்கும் அதைக் கொண்டுபோகப் போகிறேன். சுவரில் தொடங்கும். பிறகு பாதையாகும், ஆறாகும். கடைசிப் பக்கத்தில் புது வீட்டு வாசலில் ஒரு மரத்தின் கிளையாகிவிடும். பதிப்பாசிரியர் சீதாதேவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “அட்டைப்படம் இதுதான்” என்றார்.

அவள் வெளியேறுவது இருபதாம் பக்கம். அதற்கு முன்னால் போனால் கதையில் இறுக்கம் இருக்காது.

அடுத்த பக்கங்கள் இதில் இருக்கின்றன. பாப்பாவை இன்னும் கோடு போடச் சொல்லுங்கள்.

அத்தானை வெறும் காலோடு ஈரத்தில் நிற்க வேண்டாமென்று சொல்லுங்கள்.

தனுஷிகா

*

தெஹியோவிட்ட
மார்ச் 30

அன்புத் தங்கச்சிக்கு,

உயிருக்கும் உடம்புக்கும் குறைவில்லை. பாப்பாவுக்குத்தான் இழுப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. பின்பக்கம் ஈரம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

கோடு உனக்குப் பிடித்ததைச் சொன்னேன். துள்ளினாள். இந்தமுறை எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறாள். நாலாம் பக்கத்தில் அவள் விரல் அளவு. எட்டாம் பக்கத்தில் உள்ளங்கை அளவு. கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் போடுகிறாள்.

இங்கே லயத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். நீயும் நானும் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. மலையைச் சோதித்துப் பார்க்கிற கவர்மெண்ட் ஐயாமார் வருவதாக இருந்ததாம். வந்தார்கள். ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளையாக, அழகாக இருந்திருக்கும்.

கீழே மட்டமான நிலத்தில் புது வீடுகளுக்குக் கல் இறங்கியிருக்கிறது. காம்பராவில் இருக்கிறவர்களுக்குத்தான் வீடு. பாலசுப்பிரமணியம் அண்ணனை உனக்குத் தெரியுமே. போன வருஷ மழைக்குப் பயந்து பலாங்கொடையில் மச்சினன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது காம்பராவில் ஒப்பீஸ் பூட்டு. புது வீடும் கிடையாது என்றுவிட்டார்கள். இப்போது ரோட்டோரத்தில் தறப்பாள் கூடாரம் கட்டி இருக்கிறார். அதனால் ஒருவரும் அசைவதில்லை.

இருபதாம் பக்கம் ரொம்பத் தூரம். அதற்கு முன்னால் போனால் கதை கெட்டுவிடுமா? பாப்பா கேட்கச் சொன்னாள்.

அக்கா

*

தெஹிவளை
ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திரை வருஷத்துக்கு வர முடியவில்லை, கோபிக்க வேண்டாம். அச்சகம் அவசரப்படுத்துகிறது. பாப்பாவுக்கு வெந்நீரில் ஆவி பிடியுங்கள்.

கதை கெடாது. புத்தகம் கெடும். வாசிக்கிற பிள்ளை கொஞ்சமாவது பயப்பட வேண்டும். பயம் இல்லாத இடத்தில் தைரியத்தை எப்படிக் காட்டுவது? பதினைந்தாம் பக்கத்தை அதற்காகவே எழுதியிருக்கிறேன். அனுப்புகிறேன். படத்தில் பிள்ளை படுத்திருக்கிறாள், சுவர் முழுக்கக் கோடு. கீழே:

“சுவர் முனகியது. அவள் பயப்படவில்லை. திரும்பிப் படுத்தாள்.”

இவ்வளவு நாள் எழுதியதில் நல்ல வரி இதுதான் என்று சீதாதேவி சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பாப்பா என்ன சொல்கிறாள்?

தனுஷிகா

*

தெஹியோவிட்ட
மே 3

தங்கச்சிக்கு,

சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது. நீயாவது சுகமாக இரு.

இந்தக் கடிதம் ஒப்பீஸ் வழியாக வரவில்லை. ரோட்டு முனையில் ஸமீம் நானா கடையில் நின்று எழுதுகிறேன். இனி இந்தக் கடை விலாசத்துக்கே போடு. கிளாக்கர் கடிதம் படிக்கிறார். பயந்து வெளியே எழுதுகிறவர்கள் வெளியே போகப்போகிறவர்கள் என்று தொரையிடம் சொல்கிறார். அதனால் நான் எழுதவில்லை. பிள்ளை போட்டதை அனுப்பினேன். நீ படித்தவள், பார்த்தால் விளங்கும் என்று நினைத்தேன்.

அவள் கற்பனையில் கோடு போடவில்லை. பின்சுவர் பிளந்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்த வாரமே திரும்பவும் வெடிப்பு விட்டுவிட்டது. உள்ளே கை போகிறது. மழை பெய்தால் அதன் வழியாகச் சிவப்புத் தண்ணீர் வருகிறது. மேலே மலையில் மரங்கள் லயத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன.

உன் அத்தானிடம் சொன்னேன். “கொஞ்சம் பொறு கிருஷ்ணா. புது வீட்டுச் சாவி கையில வரட்டும். இப்பப் போனா பாலசுப்பிரமணியம் தறப்பாளுக்குப் பக்கத்துல நமக்கும் ஒண்ணு கட்டணும்” என்கிறார். அதையும் பிழை என்று சொல்ல முடியவில்லை. எங்கள் பெயரில் ஒரு கதவு வரப்போவது இதுதான் முதல்முறை.

இதைச் சொல்லத்தான் கடைக்கு வந்தேன். முன்பெல்லாம் சுவரில் சத்தம் கேட்டால் பாப்பா என்னை எழுப்புவாள். உன் பதினைந்தாம் பக்கம் வந்த பிறகு எழுப்புவதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அந்தப் புள்ள பயப்படல்லம்மா. திரும்பிப் படுத்துக்கிச்சி” என்றாள்.

அவள் படுப்பது அந்தச் சுவரோரம். வேறு இடம் இல்லை.

அக்கா

*

தெஹிவளை
மே 7

அக்கா,

எல்லாரும் சுகமா என்று கேட்கிறேன். உண்மையாகவே கேட்கிறேன்.

பதினைந்தாம் பக்கத்தை எரித்துவிடுங்கள். அவள் கண் முன்னால். சித்தி பிழையாக எழுதிவிட்டாள் என்று சொல்லுங்கள்.

அட்டை அச்சாகிவிட்டது. மேசையில் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் மரக்கிளை என்றார்கள். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்.

இங்கே வந்துவிடுங்கள். ஒரு அறைதான் இருக்கிறது. நாலு பேர் படுக்கலாம். வீடு போனால் போகட்டும் என்று கொழும்பிலிருந்து எழுதுவது சுலபம், தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு புத்தகம். அச்சடித்தது இல்லை. ஒரே ஒரு பிரதி, பாப்பாவுக்கு. இதில் அவள் முதல் பக்கத்திலேயே வெளியேறுகிறாள்.

சுவர் பேசியது. அவள் எழுந்தாள்.
அவளுக்குப் பயமாக இருந்தது. அதனால் செருப்பைப் போட்டாள்.
மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக அவள் போகவில்லை. பங்களா ரோட்டால் நடந்தாள்.
வளைவில் அவள் நிற்கவில்லை.
ஸமீம் நானா கடையில் மஞ்சள் லைட் எரிந்தது. அவள் அங்கே உட்கார்ந்தாள்.

இவ்வளவுதான். தினமும் வாசியுங்கள். மனப்பாடம் ஆகட்டும்.

தனுஷிகா

*

தெஹியோவிட்ட
மே 19

தங்கச்சிக்கு,

உன் சுகம் கேட்க மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

புத்தகத்தில் அம்மா எங்கே? அப்பா எங்கே? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பிள்ளையை எங்களை விட்டுவிட்டுப் போகச் சொல்லி எழுதியிருக்கிறாய். அழகாகவும் வரைந்திருக்கிறாய்.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஒந்தங்கச்சி கெட்டிக்காரிதான். நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டா. கலர் மிச்சம்” என்றார். பிறகு வெளியே போய் நெடுநேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

பதினைந்தாம் பக்கத்தை அடுப்பில் வைத்தேன். பாப்பா பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்ப அந்தப் புள்ளக்கிப் பயமா?” என்றாள். ஆமாம் என்றேன். “எனக்குந்தான்” என்றாள். இவ்வளவு நாளும் அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

நீ விட்டதை அவளே போட்டுவிட்டாள். கடைசிப் பக்கத்தில், கடை வாசலில், எங்கள் இருவரையும். என்னை முழுதாக முடித்தாள். அவருக்குத் தலையும் சட்டையும் போட்டாள். கால் போடுவதற்குள் தூங்கிவிட்டாள்.

மழை தொடங்கிவிட்டது. இறப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. எல்லாரும் காம்பராவுக்குள்ளேயே இருக்கிறோம். சாவி அடுத்த மாதமாம். கிளாக்கர் குடை பிடித்துக்கொண்டு லயம் லயமாக வந்து, யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் போகிறார்.

தினமும் வாசிக்கச் சொல்கிறாள். வாசிக்கிறேன்.

அக்கா

*

தெஹிவளை
மே 24

அக்கா,

எனக்குக் காய்ச்சலில்லை, இருமலில்லை. நீங்கள் எப்படியென்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

உங்களை வரையத்தான் தொடங்கினேன். எங்கே நிற்க வைப்பது என்று தெரியவில்லை. கதவுக்கு உள்ளேயா, வெளியேயா. இரண்டும் பொய்யாகத் தோன்றியது. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

அச்சுப் புத்தகத்தின் பதினைந்தாம் பக்க வரியை மாற்றச் சொல்லி சீதாதேவியிடம் போனேன். “பயந்த பிள்ளையின் கதையை யார் வாங்குவார்கள், தனுஷிகா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அட்டையில் பெயர் அச்சாகிவிட்டதாம்.

ஸ்டோர் நம்பருக்கு எடுத்தேன். மணி போகவில்லை.

வாருங்கள். வரமாட்டீர்கள் என்றால் அதையாவது எழுதுங்கள். நான் வந்து உங்களோடு அங்கே இருக்கிறேன்.

தனுஷிகா

*

ஸமீம் நானா கடை
ஜூன் 2

தங்கச்சிக்கு,

பாப்பா சுகம். முதலில் அதை எழுதச் சொன்னாள். மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறாள். என் கை ஈரம், எழுத்து கலைந்தால் பொறுத்துக்கொள்.

விடியும்போது நான் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா எழுந்து வந்து, “சுவர் பேசுதும்மா” என்றாள். எனக்குக் கேட்கவில்லை. மழைச் சத்தந்தான் கேட்டது. கொஞ்சம் இரு என்றேன். திரும்பிப் பார்த்தபோது இஸ்தோப்பில் அவள் செருப்பு இல்லை.

கான் பக்கம் ஓடிப் பார்த்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. பங்களா ரோட்டுக்கு ஓடினேன். தூரத்தில் தெரிந்தாள். ஓடவில்லை, நடந்து போனாள், புத்தகத்தில் உள்ள மாதிரி. வளைவில் எட்டிப் பிடித்தேன். கையை உதறினாள். “அந்தப் புள்ள இங்க நிக்கல்லம்மா” என்றாள். எனக்கு அடிக்க வந்தது. அடிக்கவில்லை. அவளோடு நடந்தேன்.

நானாவின் மனைவி அபீபா ராத்தா தலை துவட்டத் துவாய் கொடுத்து, பிளேன்டீ ஊற்றித் தந்தார். “மழ விடட்டும் மக. இங்கேயே இரீங்க. சஞ்சீவுக்கு ஆள் அனுப்புவோம்” என்றார். ஆள் அனுப்பினால் உன் அத்தான் வரமாட்டார். பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். நான் போய்க் கையைப் பிடித்தால்தான் எழும்புவார்.

புத்தகத்தில் அந்தப் பிள்ளை திரும்பிப் போகிற பக்கத்தைக் காட்டு என்று பாப்பாவிடம் கேட்டேன். ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினாள். இல்லை.

கடை வாசலிலிருந்து பார்த்தால் நம் லயத்துக் கூரை தெரிகிறது. இப்போதும் தெரிகிறது.

இங்கே ஃபோன் வேலை செய்யவில்லை. ரோடு திறந்ததும் பஸ்லானின் லொறி கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகுமாம். இது அவர் கையில் வரும். உனக்குக் கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பாப்பா அவருக்குக் கால் போடத் தொடங்கிவிட்டாள். அவள் தலை நிமிர்வதற்குள் இதை நானாவிடம் கொடுத்துவிட்டு மேலே போகிறேன்.

அக்கா

*

அவிசாவளை பஸ்
ஜூன் 5

அக்கா,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். மூவரையும் விசாரித்து எழுதுகிறேன்.

இன்று காலை பஸ்லான் கடிதத்தைக் கொண்டுவந்தார். வாசலில் நனைந்தபடி நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மேலே என்ன ஆனது என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியா தங்கச்சி. பங்களா ரோட்டால ஒத்தரையும் மேல போக விடுறாங்க இல்ல. நானா இதத் தந்து, கையில குடுத்துட்டு வா எண்டார். அவ்வளவுதான்.”

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடிதத்தின் பின்பக்கத்தில் ஸமீம் நானா பென்சிலால் எழுதியிருக்கிறார். “தங்கச்சி, புள்ள எங்களோட ஈக்குது. நீங்க வாங்க.” பிள்ளை என்று மட்டும்.

அதற்குக் கீழே பாப்பா ஒரு படம் போட்டிருக்கிறாள். கடை. ரோடு. மலை. மலையில் லயம் இருக்க வேண்டிய இடத்தில் கூரை இல்லை, சுவர் இல்லை, கோடும் இல்லை. தாளின் வெள்ளைதான். வளைவுக்கு இந்தப் பக்கம் இரண்டு சின்னக் கீறல்கள் நிற்கின்றன. ஆட்களா, மரங்களா என்று தெரியவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். அவற்றுக்குக் கால் போட்டிருக்கிறாளா என்று பார்த்தேன்.

பாப்பா கண்ணால் கண்டதைத்தான் வரைவாள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆனது.

வர்ணப்பெட்டியை மேசையிலேயே விட்டேன். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டேன். சந்திக் கடையில் பாப்பாவின் அளவில் காய்ந்த சட்டை இரண்டு வாங்கினேன். பிறகு பஸ்ஸில் ஏறினேன்.